சரளா படிக்காமல் விட்ட சங்கீதம்

பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே நான்காவது கிராஸில், தண்ணீர் லாரி நுழைய முடியாத ஒரு சந்தில் இருக்கிறாள் சரளா. வயது நாற்பத்தேழு. கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் சட்டையைப் பிரித்துப் போட்டு, ஒரே ஒரு தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடித்துச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இருபது வருஷத்தில் அவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை குறைவு. அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு வெள்ளிக்கிழமை, புருஷன் உயிருக்காக ஏற்றுக்கொண்ட காரியத்தில், ஓரிடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு எல்லாம் சரி என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் அவள் பட்ட பாட்டை வேறு யாரும் பட வேண்டாம்.

பிறந்தது வாணியம்பாடிப் பக்கம். கல்யாணம் ஆகித்தான் பெங்களூர். புருஷன் கோவிந்தப்பா ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்த தமிழர். படித்தது கன்னட மீடியம். அதனால் அவருக்குப் பேசுவது தமிழ், எழுதுவது கன்னட எழுத்து. மளிகைச் சீட்டில் துவரம்பருப்பு என்று எழுத வேண்டுமானால்கூடத் தமிழ் வார்த்தையைக் கன்னட எழுத்தில்தான் எழுதுவார். சரளாவோ பஸ் போர்டைப் பார்த்துப் பார்த்துக் கன்னட எழுத்து பழகியவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ‘ஒரு வீட்டுக்குள்ள சீட்டு படிக்க ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும்’ என்று மகள் சுனிதா கேலி செய்வாள். கோவிந்தப்பா பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். வாய் ஓயாத மனுஷர். கன்னத்தில் குட்காவை ஒதுக்கிக்கொண்டே மூன்று பேருடன் மூன்று மொழியில் வம்பளப்பார்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தீராத வயிற்றுவலிக்கு ஜெபம் பண்ணிக்கொள்ளப் போனாள் சரளா. வலி போனதோ என்னவோ, அவள் அந்த சபையிலேயே தங்கிவிட்டாள். கோவிந்தப்பா தடுக்கவில்லை. “நீ போ. கிறிஸ்மஸ்க்கு பிரியாணி போட்டா மட்டும் எனக்குச் சொல்லு” என்றார். அவர் வழி அவருக்கு. முனீஸ்வரனுக்குக் கற்பூரம், ஆயுத பூஜை அன்று ஃபோர்க்லிஃப்டுக்குச் சாமந்தி மாலை. வீட்டுச் சுவரில் அவருடைய முனீஸ்வரன் படமும் அவளுடைய இயேசு காலண்டரும் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்கின. யாரும் யாரையும் தள்ளவில்லை.

போன வருஷம் கோவிந்தப்பாவின் நாக்கோரம் ஒரு புண் வந்தது. மிளகாய்ப் புண் என்று தேனைத் தடவினார்கள். வைட்டமின் குறைச்சல் என்று மாத்திரை போட்டார்கள். கடைசியில் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நாக்கை எடுத்துவிட்டார்கள். ஊரெல்லாம் பேசித் தீர்த்த வாயில் நாக்கு இல்லை. சாப்பாடு மூக்கில் செருகிய குழாய் வழியாக. பேச்சுக்கு, பட்டனை அமுக்கினால் எழுத்து அழிந்துபோகும் ஒரு சிலேட்டைச் சுனிதா வாங்கிக் கொடுத்தாள். அதில் அவர் கன்னட எழுத்தில் தமிழ் எழுத, சரளா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பாள். அவள் படித்து முடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும்.

ஆபரேஷன் முடிந்து, கரண்ட் என்று இவர்கள் சொல்லும் கதிர்வீச்சு வைத்து முடித்து, மறுபடி ஸ்கேன் எடுக்க நாள் குறித்தார்கள். அந்த வாரம்தான் ஜெபக்குழு அவருக்காகச் சங்கீதச் சங்கிலி எடுத்தது.

இந்தச் சங்கிலி அவர்கள் குழுவின் வழக்கம். மொத்தம் பதினோரு பெண்கள். லீனா அக்கா என்பவர் நடத்துகிறார். யாருக்காவது பெரிய கஷ்டம் வந்தால், ஒரு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, பைபிளில் சங்கீதம் என்கிற நூற்றைம்பது பாட்டையும் பங்கு போட்டு, அவரவர் வீட்டில் வாய்விட்டுப் படித்து, சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும். யாருக்கு எந்தப் பங்கு என்பதை எவர்சில்வர் டப்பாவில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். முடித்தவர் வாட்ஸப்பில் ‘முடிந்தது’ என்று போட வேண்டும். “நூத்தம்பதுல ஒண்ணு விட்டுப்போனாலும் மொத்தமும் வீண். செயின்ல ஒரு கண்ணி அறுந்தா அது செயினா?” என்பது லீனா அக்காவின் வாக்கு. இதெல்லாம் பைபிளில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கேட்கவும் கூடாது.

சரளாவுக்கு வந்த சீட்டு எழுபத்தொன்பதிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை. நல்ல பங்குதான், தொண்ணூற்றொன்று அதில் வருகிறது. வாதை உன் கூடாரத்தை அணுகாது என்கிற சங்கீதம், எல்லார் வீட்டு வாசலிலும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதே, அதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாஞ்சாலி சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்.

“எண்பத்தெட்டு உனக்கு வந்திருக்குது பாரு. ஜாக்கிரத. சீக்கு இருக்கிற வீட்டுல அத வாய்விட்டுப் படிக்கக் கூடாதும்பாங்க. முழுசும் சாவுப் பேச்சு.”

யார் சொன்னது, எப்போது சொன்னது, ஒன்றும் கிடையாது. உயிர் இருக்கிற வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் இவர்கள். சபைக்கு வந்து பொட்டை அழித்தார்கள், கயிற்றை அறுத்தார்கள், இந்த ஒரு பயத்தை மட்டும் அப்படியே கொண்டுவந்து பைபிளுக்குள் வைத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சரளா அடுப்படியில் உட்கார்ந்து படித்தாள். எண்பத்தேழு முடிந்தது. எண்பத்தெட்டைக் கண்ணால் ஓட்டினாள். பாதாளம் என்றிருந்தது. குழி, பிரேதக்குழி, இருள். பக்கத்து அறையில் கோவிந்தப்பா இருமினார். மெதுவாகப் பக்கத்தைத் திருப்பினாள். விட்டதற்கு ஈடாகத் தொண்ணூற்றொன்றை இரண்டு தடவை படித்தாள். ஐந்தரைக்கு ‘முடிந்தது’ என்று போட்டாள். பத்துப் பேர் கைகூப்பிய படம் அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. கழுத்தில் பரவியிருக்கிறது, நுரையீரலிலும் இருக்கிறது. “இனிமே இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. வீட்டுல வச்சு நல்லா பாத்துக்குங்க. வலிக்கு மருந்து தர்றோம்” என்றார் டாக்டர். சரளா அங்கேயே, ஆஸ்பத்திரி பெஞ்சில், ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். செயின் அறுந்தது என்னால்தான். பத்துப் பேர் பட்டினி கிடந்து படித்ததை நான் ஒருத்தி பாழாக்கினேன். இவரை நான்தான் கொன்றுவிட்டேன்.

இப்படி ஒரு நினைப்பு ஒருத்தி மண்டைக்குள் புகுந்துவிட்டால் அது லேசில் போகாது. வேலையை விட்டு நின்றுவிட்டாள். ஒருவேளைச் சாப்பாடு. தொண்ணூற்றொன்றை ஒரு நாளைக்கு நாற்பது தடவை படித்தாள். குழாயில் ராகிக் கஞ்சி ஊற்றும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்கும். கோவிந்தப்பாவுக்கு அது தெரிந்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் சிலேட்டில் ‘சாகு’ என்று எழுதிக் காட்டினார். போதும் என்பதற்குக் கன்னடம். சத்தத்தைக் குறைத்துக்கொண்டாளே தவிர அவள் நிறுத்தவில்லை.

கழுத்தில் இருந்த கட்டி புண்ணாக உடைந்தது. நாற்றம் வந்தது. மாத்திரையைப் பொடித்துத் தூவி, தினம் இரண்டு தடவை கட்டு மாற்றினாலும் நாற்றம் சந்து வரை போனது. அவருடன் ஒரே ஷிஃப்டில் பத்தொன்பது வருஷம் இருந்த சுந்தரேசன் ஒரே ஒரு தடவை வந்தார். வாசலில் நின்று கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, “உடம்ப பாத்துக்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. கோவிந்தப்பாவின் சொந்தத் தங்கையே போனில் நலம் விசாரிப்பதோடு சரி. ஜெபக்குழுப் பெண்கள் வந்தால் தெருவில் நின்றபடியே ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன? கட்டு மாற்றும்போது சுனிதாவுக்கே குமட்டும், ஓடிப்போய்க் கொல்லைப்பக்கம் நிற்பாள்.

சரளாவுக்கு இன்னொரு பயம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவர் சாகப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுக்காதவர் தனியாகத்தான் போவார் என்று அவள் சபையில் கேட்டிருக்கிறாள். இருபத்தைந்து வருஷம் கூடவே படுத்து எழுந்த மனுஷர், நாக்கு இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிடக்கூட முடியாமல், ஒரு இருட்டுக்குள் தனியாகப் போகப்போகிறார். அவளால் கூடப் போக முடியாது.

தாங்க முடியாமல் ஒரு நாள் காலையில் லீனா அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சரளா தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“எண்பத்தெட்ட நான் படிக்கலக்கா. படிச்சேன்னு பொய் சொல்லிட்டேன். அதனாலதான் செயின் அறுந்துபோச்சு. என்ன குழுவ விட்டே தள்ளிடுங்க.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. லீனா அக்கா ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தார். நிமிரவே இல்லை.

“சரளா, நீ யார்கிட்டயும் சொல்லாத. என் பங்குல வந்தாலும் நான் அத தாண்டிடுவேன். பதினாறு வருஷமா அத நான் ஒரு தடவ கூட வாய்விட்டுப் படிச்சதில்ல.”

“மத்தவங்க?”

“பாஞ்சாலியும் படிச்சிருக்க மாட்டா. யாரும் படிச்சிருக்க மாட்டாங்க.”

சரளா எழுந்து நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. யாருமே படிக்கவில்லை என்றால் எந்தச் சங்கிலியும் முழுசாக இருந்ததே இல்லை. அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இதுவரை குற்றம் தன்னுடையது என்றாவது ஒரு பிடி இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பதினான்கு வருஷம் பிடித்துக்கொண்டு தொங்கிய கயிறு எங்குமே கட்டப்பட்டிருக்கவில்லை. நடுரோட்டில் நின்று அழுதாள். ஆட்டோக்காரன் ஒருவன் “யாக்கம்மா, ஏனாய்து?” என்று கேட்டான். ஏன்மா, என்ன ஆச்சு என்பதற்குக் கன்னடம்.

வீட்டுக்கு வந்ததும் பைபிளை எடுத்துக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போனாள். அது பக்தியல்ல, கோபம். இனி என்ன போய்விடப்போகிறது, வருவது வரட்டும் என்கிற கோபம். கோவிந்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சரளா எண்பத்தெட்டைப் பிரித்து, சண்டைக்காரி குரலில், சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள்.

கடவுளிடம் ஒருத்தன் கத்துகிறான். பகலும் கத்துகிறேன், இரவும் கத்துகிறேன், காதைச் சாய்த்துக் கேளும் என்கிறான். குழியில் இறங்குகிறவர்கள் கணக்கில் என்னைச் சேர்த்துவிட்டார்கள் என்கிறான். எனக்குப் பழக்கமானவர்களை என்னைவிட்டுத் தூரப் போக வைத்தீர், அவர்களுக்கு என்னை அருவருப்பாக்கினீர் என்கிறான்.

கோவிந்தப்பாவின் கை உயர்ந்தது. சரளா நிறுத்தினாள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். வாரக்கணக்கில் அப்படிப் பார்த்ததில்லை. விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். திரும்பப் படி என்று அர்த்தம். அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். அவர் இன்னொரு தடவை வட்டம் போட்டார். மூன்றாவது தடவை படிக்கும்போது சரளாவின் குரலிலிருந்த சண்டை போய்விட்டது. வாசலில் கர்ச்சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சுந்தரேசன் இருவர் நினைவிலும் வந்திருக்க வேண்டும்.

அடைபட்டுக் கிடக்கிறேன், வெளியே வர முடியவில்லை என்று போய், சிநேகிதனையும் தூர விலக்கினீர், இருள்தான் மிச்சம் என்று அந்தச் சங்கீதம் முடிந்துவிடுகிறது. கோவிந்தப்பா சிலேட்டை எடுத்து எழுதினார். சரளா எழுத்துக் கூட்டினாள். ‘அப்புறம்?’

“அவ்ளோதாங்க. அதோட முடிஞ்சிடுது.”

‘நல்லாயிடுச்சா?’

“போடல. இருட்டுல முடிஞ்சிடுது.”

அவர் தலையாட்டினார். பொய் சொல்லாத ஆளைப் பார்த்த மாதிரி ஒரு தலையாட்டல். பிறகு எழுதினார். ‘யாரு இவன்?’

பைபிளில் மேலே சின்ன எழுத்தில் ஏமான் என்றோ என்னவோ ஒரு பெயர் போட்டிருந்தது. சரளா அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வேறு வந்தது.

“இயேசுங்க.”

சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆனால் சொன்ன பிறகு அதை மாற்ற முடியவில்லை. கூட இருந்து சாப்பிட்டவர்கள் எல்லாரும் ஓடிப்போனார்கள். ஒருத்தன் தெரியவே தெரியாது என்று சத்தியம் பண்ணினான். தெரிந்தவர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். முகத்தை ஏன் மறைக்கிறீர் என்று கேட்டார், பதில் வரவில்லை. குழியில் வைத்துக் கல்லை உருட்டி அடைத்துவிட்டார்கள். ஒவ்வொரு புனித வெள்ளியும் கேட்ட கதைதான். பதினான்கு வருஷமாகச் சங்கீதம் என்றால் மேலேயிருந்து கடவுள் மனுஷருக்குக் கொடுக்கிற வாக்கு என்றே நினைத்திருந்தாள். கீழே கிடந்துகொண்டு ஒருத்தர் மேலே பார்த்துக் கத்துகிற குரல் இதற்குள் இருந்திருக்கிறது. சாவுப் பேச்சு என்று எல்லாரும் பக்கத்தைத் திருப்பிவிட்டார்கள். அவரை அந்தப் பக்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கோவிந்தப்பா காலண்டரைக் காட்டினார். அதில் இயேசு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ரோஸ் கன்னத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். ‘அவரா?’ என்று எழுதினார்.

“அவருதான்.”

அவர் காலண்டரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுதினார். ‘நம்ம ஆளு.’

மறுநாள் மத்தியானம் கஞ்சி ஊற்றி முடித்ததும் அவரே பைபிளைக் காட்டினார். அன்றிலிருந்து தினம் இரண்டு மூன்று சங்கீதம். கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். எதிரிகளை நொறுக்கினேன், ராஜா ஜெயித்தார் என்று வந்தால் கையால் தள்ளிவிடுவார். அவை இயேசுவைப் பற்றியவை இல்லை என்று சபையில் யாராவது சொன்னால் சரளா சண்டைக்கே போயிருப்பாள், இவரிடம் போகவில்லை. கூடச் சாப்பிட்டவனே காலை வாரினான் என்று நாற்பத்தொன்றில் வந்தபோது சிலேட்டில் ‘அவரு’ என்று எழுதினார். தாகத்துக்குக் காடி கொடுத்தார்கள் என்று அறுபத்தொன்பதில் வந்தபோதும் ‘அவரு’. அப்போது சரளா ஈரப் பஞ்சால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இருபத்திரண்டு வந்த அன்று மழை. ஏன் கைவிட்டீர் என்று தொடங்குவது அதுதான். சிலுவையில் இயேசு சொன்ன வார்த்தை என்று சரளாவுக்குத் தெரியும். பிரசங்கியார் மேற்கோள் காட்டுவது போல அவரும் வசனம் சொன்னார் என்று இத்தனை நாள் விட்டிருந்தாள். துணிக்குச் சீட்டுப் போட்டார்கள் என்று அதில் வருகிறது, கையையும் காலையும் குத்தினார்கள் என்று வருகிறது. அதற்கு முன்னால் ஒரு வரி. உடம்பு ஓட்டாஞ்சில்லாய்க் காய்ந்துபோனது, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது என்று.

கோவிந்தப்பா வாயைத் திறந்தார். உள்ளே விரலால் காட்டினார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வாய்க்குள் சரளா நேராகப் பார்த்ததில்லை, சுத்தம் பண்ணும்போதுகூட ஓரக்கண்ணால்தான் பார்ப்பாள். அன்று குனிந்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, முழுசாகப் பார்த்தாள். ஒன்றும் இல்லாத சிவந்த குழி. இருவரும் அழுதார்கள். அவருக்கு அழுகைச் சத்தம் தொண்டையில் மட்டும்தான் வந்தது.

அந்த அழுகையோடு அவள் மனதில் இருந்ததையும் சொல்லிவிட்டாள்.

“நான்தாங்க உங்கள இப்படி ஆக்கிட்டேன். உங்களுக்காக எல்லாரும் படிக்கிறப்ப நான் ஒண்ண படிக்காம ஏமாத்திட்டேன். அதனாலதான் பரவிடுச்சு.”

கோவிந்தப்பா அவளைப் பார்த்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியவே நேரமாயிற்று. சிலேட்டில் மூன்றே எழுத்து எழுதினார். அவள் கூட்டினாள். கு, ட், கா.

‘குட்கா.’

அதைப் படித்துவிட்டு அவளும் சிரித்துவிட்டாள். ஐந்து மாதம் கழுத்தைப் பிடித்திருந்த ஒன்று அன்றைக்குக் கையை எடுத்தது. ஆனால் குற்றம் போனதே தவிரப் பயம் போகவில்லை. லீனா அக்கா போன் பண்ணி, பாஸ்டரைக் கூட்டி வரட்டுமா, எப்படியாவது ஞானஸ்நானம் கொடுத்துவிடலாம் என்றார். சரளா கேட்டதற்குக் கோவிந்தப்பா கழுத்துப் புண்ணையும் மூக்குக் குழாயையும் காட்டி, எங்கே முழுக வைப்பீர்கள் என்பது போலக் கையை விரித்தார். அதற்கு மேல் கட்டாயப்படுத்த அவளுக்கு மனம் வரவில்லை. சமையலறையில் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

நாளாக நாளாக அவர் எழுத்து கோணிக்கொண்டு போனது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டு மாற்றி முடித்தபின் சிலேட்டைக் கேட்டார். எழுதினார், நிறுத்தினார், மூச்சு வாங்கினார், மறுபடி எழுதினார். சரளா வாங்கிக் கூட்டினாள். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

‘எனக்கு நாக்கு இல்ல. அவர எப்படி கூப்புடறது?’

இப்படி ஒரு கேள்வியைச் சபையில் யாரும் கேட்டதில்லை. எண்பத்தெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். தினமும் கூப்பிடுகிறேன், கையை விரிக்கிறேன் என்றிருந்தது. பகலும் கத்துகிறேன், இரவும் கத்துகிறேன் என்றிருந்தது.

“நீங்க கூப்புட வேணாங்க” என்றாள். “இதுல கூப்புடறது யாரு? அவருதான. நாக்கு ஒட்டிக்கிட்டும் கூப்புட்டாரு. நாக்கில்லாதவங்களுக்கும் சேத்துதான் கூப்புடறாரு. அந்தக் குழியில அவரு இருக்கறாரு. நீங்க சும்மா பக்கத்துல இருந்தா போதும்.”

கோவிந்தப்பா சிலேட்டைத் தள்ளி வைத்தார். அவள் கையைப் பிடித்துத் தன் கழுத்துக் கட்டின்மேல் வைத்துக்கொண்டார். யாரும் தொட விரும்பாத இடம் அது. அவள் எடுக்கவில்லை. தான் சொன்னது தனக்கும் சேர்த்துத்தான் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. இவர் போகிற இருட்டில் இவருக்கு முன்னால் போய்க் கிடந்து கத்திக்கொண்டிருக்கிற ஒருத்தர் உண்டு. அந்த ஒருத்தரை நம்பித்தான் இவரை விட வேண்டும், வேறு வழியே இல்லை.

சனிக்கிழமை காலையிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சுனிதா அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லீனா அக்காவும் பாஞ்சாலியும் வந்து, இந்த முறை உள்ளேயே வந்து நின்றார்கள். லீனா அக்கா பழக்கத்தில் தொண்ணூற்றொன்றைப் பிரித்தார். சரளா தலையை அசைத்துவிட்டு எண்பத்தெட்டை வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

எந்த வரியில் மூச்சு நின்றது என்று சரளாவுக்குத் தெரியாது. சுனிதா “அப்பா” என்றது காதில் விழுந்தது. லீனா அக்கா தோளைத் தொட்டு, “போதும்மா, போயிட்டாரு” என்றார்.

சரளா புத்தகத்தை மூடவில்லை. “கூப்புடறது இன்னும் முடியலக்கா” என்று சொல்லிவிட்டு, மீதியிருந்த வரிகளையும் அந்த இருள் வரைக்கும் படித்தாள்.